காளான் பொடியும் ஒரு கூடை தக்காளியும்

மார்ச் 2

நாத்தனாருக்கு,

நீ அனுப்பிய தக்காளிக் கூடை இன்று காலை எட்டு மணிக்கு வாசலில் வந்து இறங்கியது. எட்டு ஐந்துக்கு, கொண்டுவந்த உங்கள் பண்ணை லாரியிலேயே திரும்ப ஏறிவிட்டது. மீசை டிரைவர், "திருப்பி எடுத்துட்டுப் போனா அந்தம்மா என்னைத் திட்டுமே" என்று கெஞ்சினார். "திட்டினா, நான் திட்டினதாத் திருப்பிச் சொல்லுங்க" என்று அனுப்பி வைத்தேன். ஒரு பழத்தைக்கூட நான் தொடவில்லை.

உன் அண்ணனுக்குச் சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது என்று உனக்குத் தெரியும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறவே கூடாது என்று சொல்லி டாக்டர் ஒரு தாள் கொடுத்தார். சாப்பிடக் கூடாதவை என்ற தலைப்பு. முதல் பெயரே தக்காளி. அதை அடுப்புக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். போன மாதம் நீ வந்தபோது அதைப் பார்த்தாய், படித்தும் பார்த்தாய். அப்புறமும், நான் காளான் கொட்டகைக்குப் போன நேரம் பார்த்து அவருக்குத் தக்காளி நறுக்கிக் கொடுத்தாய். நான் திரும்பி வந்தபோது தட்டில் விதைதான் மிச்சம். பத்து நாள் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் கூடியிருந்தது. "என்னம்மா குடுக்குறீங்க இவருக்கு?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். பத்தொன்பது வருடமாக என் சமையலைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டதில்லை. எனக்குத் தலை குனிந்துவிட்டது.

என் வீட்டில் இனித் தக்காளி நுழையாது. உப்பும் குறைத்தாயிற்று. அந்தச் சாப்பாடு தொண்டையில் இறங்க வேண்டுமென்று என் கொட்டகையில் விளைந்த காளானை வெயிலில் காய வைத்து, இடித்துப் பொடியாக்கிச் சேர்க்கிறேன். அது இருந்தால்தான் அவர் தட்டைக் காலி செய்கிறார். புரதம் இருக்கிறது, பி வைட்டமின்கள் இருக்கின்றன. வெயில் பட்ட காளானில் டி வைட்டமின்கூட ஊறும். உன் தக்காளியில் என்ன இருக்கிறது? சிவப்பு இருக்கிறது.

போன் செய்யாதே. உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன், அவர் போனிலும்தான். உன் குரலைக் கேட்டால் அவர் உருகிவிடுவார், பத்தியம் கெட்டுவிடும்.

அண்ணி

மார்ச் 5

அன்புள்ள அண்ணிக்கு,

கூடை திரும்பி வந்தது. மீசை டிரைவர் நீங்கள் திட்டியதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார். உங்கள் குரலையும் கையாட்டலையும் சேர்த்தே செய்து காட்டினார். பொட்டலம் கட்டும் கொட்டகையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். தக்காளி கொடுத்தேன். இரண்டே துண்டு. அண்ணன் என்னைப் பார்த்து, "வாயாடி, ஒரு துண்டு வெட்டிக் குடேன், வாய் செத்துப் போச்சு" என்று கேட்டார். அண்ணன் என்னிடம் எதையும் கேட்டு வாங்குகிற ஆள் இல்லை. கேட்டதும் எனக்கு உங்கள் தாளும் தெரியவில்லை, டாக்டரும் தெரியவில்லை. தப்புதான். அதற்கு எத்தனை முறை வேண்டுமானாலும் மன்னிப்புக் கேட்பேன்.

ஆனால் இந்தக் கூடை அண்ணனுக்கு இல்லை, உங்களுக்கு. மூடியில் "அண்ணிக்கு மட்டும்" என்று காகிதம் ஒட்டியிருந்தேன். வழியில் மழையில் நனைந்து விழுந்துவிட்டதாம். அவர் சாப்பிடாததால் நீங்களும் ஆறு மாதமாகத் தக்காளி தொடாமல் இருக்கிறீர்கள் என்று போன தடவை கவனித்தேன். கொட்டகையில் உட்கார்ந்தாவது நாலு பழம் சாப்பிடட்டுமே என்றுதான் அனுப்பினேன்.

இன்னொன்று. என்னைத் திட்டுங்கள், தக்காளியைத் திட்டாதீர்கள். பதினோரு வருடமாக இந்தப் பசுமைக்குடிலில் அதைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறேன். சி வைட்டமினில் உங்கள் காளான் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. அந்தச் சிவப்பைச் சும்மா சிவப்பு என்று நினைத்தீர்களா? அதற்கு லைகோபீன் என்று பெயர், எண்ணெய் விட்டு வதக்கினால் இன்னும் நன்றாக உடம்பில் சேரும். இங்கே ஆய்வுக்கூடத்தில் இருக்கிற அக்காவிடம் செங்கல் கனத்தில் ஒரு சத்துப் பட்டியல் புத்தகம் இருக்கிறது. அவர் விடுப்பில் போயிருக்கிறார். வந்ததும் வாங்கி, காளானையும் தக்காளியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, வரிக்கு வரி எழுதி அனுப்புகிறேன். யார் பெரியவர் என்று அப்புறம் பேசலாம்.

அண்ணன் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி எழுதுங்கள். திட்டுக்கு நடுவில் எழுதினாலும் போதும்.

உங்கள் நாத்தனார்

மார்ச் 9

நாத்தனாருக்கு,

மன்னிப்புக் கேட்கிற கடிதத்தில் பாதிப் பக்கம் தக்காளிக்கு வக்காலத்து. உன்னைப்போல் ஒருத்தியை நான் பார்த்ததே இல்லை. கூடை எனக்காம். அதை நம்புகிறேன், ஏனென்றால் உனக்குப் பொய் சொல்ல வராது. அதற்காகக் கோபம் தீர்ந்துவிட்டதென்று நினைக்காதே.

பட்டியலைத் தாராளமாக எடுத்து வா. நானும் சொல்லி வைக்கிறேன், எழுதிக்கொள். பத்துக் கிலோ காளான் காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும். குடைக்கு அடியில் இருக்கிற மடல் பக்கம் வெயிலைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்கிறேன். இரண்டு நாளில் சருகு மாதிரி நொறுங்கும். அதை இடித்துச் சலித்தால் அத்தனை சத்தும் ஒரு பிடிக்குள் வந்துவிடுகிறது. பெரிய ஸ்பூனால் காலையில் கஞ்சியில் ஒன்று, மதியம் காய்கறியில் இரண்டு, மாலையில் சூப்பில் ஒன்று. என்னிடம் பொடி வாங்குகிறவர்கள் எல்லோரும், "உங்க வீட்டுக்காரருக்குக் குடுத்து வச்சிருக்கு" என்கிறார்கள்.

நீ கேட்டாயே என்று எழுதுகிறேன். அவருக்கு இந்த வாரம் அசதியாக இருக்கிறது. படியேறினால் கால் துவள்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்கிறார். சட்டைப் பொத்தான் போடக்கூட விரலில் தெம்பில்லை. பத்தியச் சாப்பாடு போதவில்லை என்று நினைக்கிறேன். அதனால் நேற்றிலிருந்து ஐந்தாவது ஸ்பூனும் போடுகிறேன், முட்டையில் கலந்து. அடுத்த பரிசோதனை மாதக் கடைசியில். அதற்குள் தேற்றிவிடுவேன்.

அண்ணி

மார்ச் 16

அண்ணி,

இதை நின்றுகொண்டே படியுங்கள். காளான் பொடியை நிறுத்துங்கள். ஒரு ஸ்பூன்கூட வேண்டாம். அண்ணனை இப்போதே, இந்த லாரியிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். கால் துவளுவதும் நெஞ்சு படபடப்பதும் அசதியால் இல்லை, பொட்டாசியத்தால் இருக்கலாம்.

பட்டியல் கிடைத்தது. நூறு கிராம் தக்காளியில் பொட்டாசியம் ஏறக்குறைய இருநூற்று நாற்பது மில்லிகிராம். நூறு கிராம் பச்சைக் காளானில் முந்நூறுக்கு மேல். காளானில்தான் அதிகம், அண்ணி. அதுவும் பச்சையாக. நீங்கள் பத்துக் கிலோவை ஒரு கிலோவாகக் காய வைக்கிறீர்கள். தண்ணீர்தான் போகிறது, பொட்டாசியம் போகாது. உங்கள் பெரிய ஸ்பூன் ஒன்று கிட்டத்தட்ட ஒரு முழுத் தக்காளி. அண்ணன் தினமும் ஐந்து தக்காளி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

காலையிலிருந்து பதினாலு தடவை போன் செய்தேன். பக்கத்து வீட்டு எண்ணும் என்னிடம் இல்லை. மீசை டிரைவரிடம் இன்று சரக்கு ஏற்ற வேண்டாம் என்று சொல்லிக் காலி வண்டியை அனுப்புகிறேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை வாசலை விட்டு நகர மாட்டார். என்மேல் இருக்கிற கோபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள். காலைப் பிடித்துக் கேட்கிறேன், கிளம்புங்கள்.

மார்ச் 24

என் கண்ணுக்கு,

ஆஸ்பத்திரி நடையில், மருந்துச் சீட்டுகளைப் பின்பக்கம் திருப்பி எழுதுகிறேன். உன் அண்ணன் பிழைத்துவிட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் தூங்குகிறார். குறட்டை இங்கே கேட்கிறது. இத்தனை வருடம் நான் திட்டிய குறட்டை அது. இன்றைக்கு அதைக் கேட்கத்தான் கதவுக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறேன்.

மீசை டிரைவர் வந்தபோது நான் கதவைத் திறக்கவில்லை. இன்னொரு கூடை என்று நினைத்தேன். அந்த மனிதர் ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டுக் கடிதத்தை நீட்டி, "நீங்க படிச்சாத்தான் நான் போவேன். இல்லேன்னா இங்கயே சமைச்சுச் சாப்பிட்டுக் குடியிருப்பேன்" என்றார். படித்தேன். என் கையில் அப்போது கரண்டி இருந்தது. கரண்டியில் என்ன இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் அண்ணனை நானும் டிரைவரும் தூக்கி வண்டியில் வைத்தோம். அவரால் காலை ஊன்ற முடியவில்லை.

ஐந்துக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் ஏழுக்குப் பக்கத்தில் இருந்தது. இதயத் துடிப்பை வரைந்த காகிதத்தைப் பார்த்ததும் டாக்டர் ஓடினார். ஊசி, டிரிப்ஸ், அப்புறம் மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். மறுநாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா இதயம் நின்னிருக்கும். யாரும்மா உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டார். "என் நாத்தனார்" என்றேன். "அவங்க டாக்டரா?" "இல்லை, தக்காளி பொறுக்குறா" என்றேன். அதைச் சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அடுப்புக்கு மேலே ஒட்டிய அந்தத் தாளை வீட்டிலிருந்து எடுத்து வரச் சொல்லிப் பார்த்தேன். தக்காளி, வாழைப்பழம், உருளைக்கிழங்கு, இளநீர், முதலியன. அந்த முதலியனவை ஆறு மாதமாகத் தினமும் மூன்று வேளை பார்த்திருக்கிறேன். அதற்குள் என்ன இருக்கிறதென்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எழுதியிருந்த நாலையும் விரட்டிவிட்டு ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். என் சொந்தக் கொட்டகையில் நானே விளைவித்தது எப்படிக் கெடுதல் செய்யும் என்ற திமிர். போன பரிசோதனையில் பொட்டாசியம் கூடியதற்கும் உன் இரண்டு துண்டைக் காரணம் சொன்னேன். அந்த மாதம் முழுக்க நான் போட்டது எனக்குத் தெரியவில்லை.

உனக்கு எப்படி நன்றி சொல்வது? என் வீட்டுக்காரரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாய். நான் உன்னை வாசலில் நிறுத்தி வைத்தேன், நீ ஜன்னல் வழியாக வந்து காப்பாற்றினாய். நன்றி என்று எழுதிப் பார்த்தேன், கல்யாண வீட்டில் பந்தி முடிந்து சொல்வது மாதிரி இருக்கிறது. வேறு வார்த்தை என்னிடம் இல்லை. நன்றி, நன்றி, நன்றி. மூன்றையும் வாங்கிக்கொள்.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்கிறேன், அவரிடம் சொல்லவில்லை. நேற்று நர்ஸ், "வீட்டுக்குப் போனதும் என்ன சமைக்கணும்னு யோசிச்சு வைங்க" என்றார். எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. இந்தக் கையால் இனி அவருக்கு எதைக் கொடுப்பேன்? தண்ணீர் கொடுக்கவே பயமாக இருக்கிறது.

உன் அண்ணி

மார்ச் 29

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அண்ணன் குறட்டை என்ற இடம் வந்தாலே நிறுத்திவிடுகிறேன், கண்ணீர் மறைக்கிறது.

ஆனால் அந்த மூன்று நன்றியை நான் வாங்கிக்கொள்ள முடியாது. ஏன் என்று எழுதினால் நீங்கள் மறுபடியும் என் எண்ணைத் தடுத்துவிடலாம். எழுதாமல் இருந்தால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாது.

ஆய்வுக்கூடத்து அக்கா விடுப்பு முடிந்து வந்தது பதின்மூன்றாம் தேதி காலை. அன்றைக்கே புத்தகம் என் கைக்கு வந்துவிட்டது. உங்கள் ஐந்து ஸ்பூன் கடிதம் அதற்கு முன்பே வந்து என் பையில் இருந்தது. புத்தகத்தைத் திறந்து வரிக்கு வரி பார்த்தேன். புரதம், உங்கள் காளானுக்கு மூன்று கிராம், என் தக்காளிக்கு ஒன்றுகூட இல்லை. பி வைட்டமின்களிலும் செம்பிலும் நீங்கள்தான். சி வைட்டமினில் நான், ஆறு மடங்குக்கு மேல். ஏ வைட்டமினில் நான். கலோரி இரண்டுக்கும் இருபதுக்குப் பக்கத்தில். நூறு கிராமில் தொண்ணூறுக்கு மேல் வெறும் தண்ணீர், இரண்டிலுமே. அதாவது இரண்டு தண்ணீர்ப் பொட்டலங்களுக்காக நாம் அடித்துக்கொண்டிருந்தோம். அப்புறம் பொட்டாசியம் வரி வந்தது.

அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? அண்ணன் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "மாட்டினீங்களா அண்ணி!" என்றுதான் தோன்றியது. மேஜையைத் தட்டினேன். அத்தனை சந்தோஷம். அன்று மாலையே உங்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அவசரக் கடிதம் இல்லை, ஜெயித்த கடிதம். முதல் நாள் ஒரு பக்கம். மறுநாள் அதை அடித்துவிட்டு இன்னும் குத்தலாக இரண்டு பக்கம். மூன்றாம் நாள், கூடை எட்டு மணிக்கு வந்து எட்டு ஐந்துக்குப் போனது என்று நீங்கள் எழுதினீர்களே, அதற்குப் பதிலடியாக ஒரு வரி தேடி ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போகிறவரை யோசித்தேன். அண்ணன் அங்கே பொத்தான் போட முடியாமல் உட்கார்ந்திருக்கிறார், நான் இங்கே வாக்கியத்துக்கு மெருகு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பதினாறாம் தேதி காலையில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, பெருமையாக அக்காவிடம் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பொடியா? எத்தனை ஸ்பூன்?" என்று கேட்டார். "அஞ்சு." "யாருக்கு?" "எங்கண்ணனுக்கு." "அவருக்குக் கிட்னி சரியில்லேன்னு சொன்னியே?" அவ்வளவுதான். அங்கிருந்து லாரி நிற்கிற இடம்வரை ஓடினேன், ஒரு செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

மூன்று நாள், அண்ணி. பதினைந்து ஸ்பூன். நீங்கள் தெரியாமல் போட்டீர்கள். நான் எல்லாம் தெரிந்த பிறகு வைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கைக்கு நடுங்க வேண்டிய அவசியமே இல்லை. நடுங்க வேண்டியது என் கை.

அந்த ஜெயித்த கடிதத்தை எரித்துவிட்டேன். நன்றாக எழுதியிருந்தேன் என்பதுதான் இன்னும் அசிங்கம்.

வாயாடி

ஏப்ரல் 6

அடி வாயாடி,

உன் கடிதம் வந்து ஐந்து நாளாகிறது. முதல் நாள் எனக்குக் கோபம் தலைக்கேறியது. மூடி மறைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அந்த மூன்று நாளில்தான் அவர் குளியலறையில் விழுந்தார், உனக்கு அது தெரியாது. என்னால் தூக்க முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தோம். அதை நினைத்து உன்னை வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். பாத்திரம் கழுவும் தொட்டிதான் கேட்டது.

இரண்டாம் நாள் உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். அவரிடம் மறைக்க முடியவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அடக்க முடியாமல் சிரித்தார், கையில் குத்தியிருந்த ஊசி இடம் வலிக்கிறதென்று கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கலேன்னா நான் செத்திருப்பேன்டி" என்றார்.

அதற்கப்புறம் யோசித்துப் பார்த்தேன். என் பொடியை எத்தனை பேர் பார்த்தார்கள்! பக்கத்து வீட்டில் பார்த்தார்கள், வாங்கிப்போனவர்கள் பார்த்தார்கள், என் தங்கை ஒரு வாரம் தங்கியிருந்து பார்த்தாள். எல்லோரும் ஆகா என்றார்கள். என் வாய்க்குப் பயந்து சிலர், மரியாதைக்குச் சிலர். "அப்படியா? பட்டியலைப் பார்ப்போம் வா" என்று எதிரே வந்து நின்றவள் நீ ஒருத்திதான். என்னை ஜெயிப்பதற்காகத்தான் அந்தப் புத்தகத்தைத் திறந்தாய், சரி. ஆனால் திறந்தாயே. நல்லவளாக மட்டும் இருந்திருந்தால், "அண்ணி மனசு நோகக்கூடாது" என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பாய். மாதக் கடைசிப் பரிசோதனை வரைக்கும் அவர் இருந்திருக்க மாட்டார். அதனால் நான் கொடுத்ததைத் திருப்பித் தராதே. மூன்று நாளுக்கான திட்டு உனக்கு உண்டு, நேரில் வா, தருகிறேன். நன்றி நன்றிதான். அதில் பிடித்தமெல்லாம் கிடையாது.

வீட்டுக்கு வந்து ஒரு வாரமாகிறது. நர்ஸ் எழுதிக் கொடுத்தபடி காய்களை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கிறேன். அப்படிச் செய்தால் பொட்டாசியம் கொஞ்சம் தண்ணீரோடு போய்விடுமாம். முதல் நாள் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு நான் அறைக்குள் போய்விட்டேன். அவர் சாப்பிடுவதைப் பார்க்கத் தைரியம் இல்லை. அவர் கூப்பிட்டார். போனேன். ஒரு வாய் எடுத்து எனக்கு ஊட்டினார். "விஷம் இருக்கான்னு நீயே பாத்துக்க. எனக்கு ருசி இல்லேங்கிறது மட்டுந்தான் குறை" என்றார். கை நடுக்கம் இன்னும் முழுசாக நிற்கவில்லை. ஆனால் அடுப்பைப் பற்ற வைக்கிறேன், அதுவே போதும் என்று நீ சொல்வாய்.

கொட்டகையில் இந்த வாரக் காளான் நன்றாக வந்திருக்கிறது. அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஊருக்கெல்லாம் நல்லது செய்வதுதானே. பொடி கேட்டு வருகிறவர்களிடம் முதலில், "வீட்டுல யாருக்காவது சிறுநீரகக் கோளாறு இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன். நேற்று ஒரு அம்மா, "ஆமா, மாமனாருக்கு" என்றார். பொடியைத் திருப்பி டப்பாவில் கொட்டிவிட்டு, உன் கதையைச் சொல்லி அனுப்பினேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டார்.

இன்று ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். புதன்கிழமை காலை பத்து மணிக்கு உணவு நிபுணர் ஒரு வகுப்பு எடுக்கிறாராம். எது எவ்வளவு சாப்பிடலாம், எது கூடாது, எல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். படிவத்தில் "நோயாளியின் உணவுக்குப் பொறுப்பாளர்" என்று ஒரு கட்டம். என் பெயரை எழுதினேன். பேனாவைத் தாளிலிருந்து தூக்காமல் அப்படியே பக்கத்தில் உன் பெயரையும் எழுதினேன். நர்ஸ் பார்த்துவிட்டு, "ஒருத்தர் பேருதாம்மா எழுதணும், யாராவது ஒரு ஆளை அடிச்சிருங்க" என்றார்.

"அடிக்க முடியாதும்மா. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் ஒரு ஆளு" என்றேன்.

செவ்வாய்க்கிழமையே வந்துவிடு.

உன் அண்ணி